எடுக்காமல் விட்ட சிரிப்பு

தணிகாசலம் அறுபத்திரண்டாவது முறையாக இறந்த அன்று மாலை, செங்கற்பட்டுக்கு அப்பால் ஒரு பாழடைந்த பங்களாவின் தாமரைக் குளத்தில் மழை பிடித்துக்கொண்டது என்பதும், கேமராவுக்குள் இருந்த பிலிம் சுருள் அவருடைய கடைசி மூச்சோடு சேர்ந்து தீர்ந்துபோனது என்பதும், அடுத்த சுருளை ஏற்றிவந்த வண்டி சேற்றில் புதைந்து நின்றுவிட்டது என்பதும் சாலிகிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்றில் ஒன்று நடக்காமல் போயிருந்தாலும் அவர் மனைவி தில்லைநாயகி முப்பத்திரண்டு ஆண்டுகள் தலையணை மேல் துண்டு விரித்திருக்க வேண்டியதில்லை என்பதும் தெரியும்.

அவர் துணை நடிகர். பேய்ப் படங்கள், பாம்புப் படங்கள், மந்திரவாதியின் மண்டையோடு பேசும் படங்கள், காட்டு பங்களாவில் விளக்கு தானாக அணைந்து தானாக எரியும் படங்கள் என்று, பெரிய நட்சத்திரங்கள் கால் வைக்காத படங்களில் மட்டுமே பத்தொன்பது ஆண்டுகள் நடித்தார். வேட்டைக்காரராகவோ பூசாரியாகவோ ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரியாகவோ வந்து, கதாநாயகனிடம் அந்தப் பக்கம் போகாதே என்று ஒரு வசனம் பேசிவிட்டு, நாகம் தீண்டியோ மோகினி கழுத்தை நெரித்தோ மாடிப்படியில் உருண்டோ, எப்படியானாலும் இடைவேளைக்கு முன்னால் செத்துப்போவார். அதனால் கோடம்பாக்கத்தில் அவருக்கு இடைவேளை தணிகாசலம் என்றே பெயர்.

படம் வெளியான முதல் வாரத்தில் கணவனும் மனைவியும் பகல் காட்சிக்குப் போவார்கள். திரையில் தன் உடலை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனதும் தணிகாசலம் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து, "செத்தாச்சு. வா தில்லை, போகலாம்" என்பார். அறுபத்தோரு படங்களில் ஒன்றில்கூடக் கடைசியில் யார் பிழைத்தார்கள், பேய் என்ன ஆயிற்று என்று இருவருக்கும் தெரியாது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் நேரத்தில் தில்லை தானே ஒரு முடிவைச் சொல்லுவாள். அவள் சொல்லும் முடிவுகளில் பேய்கள் பெரும்பாலும் மன்னிக்கப்பட்டன. அவர் அதைக் கேட்டுக்கொண்டு வருவார், உதடு மட்டும் லேசாக அசையும். வீட்டில் அவருடைய சிரிப்பு அவ்வளவுதான்.

பல் தெரிய அவர் சிரித்ததெல்லாம் வேறு இடத்தில். சினிமாக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: பிணமாகப் படுத்தவரை அப்படியே எழுப்பி வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். பூசணிக்காய் உடைத்து, சூடம் சுற்றிக் கழித்து, கேமராவை இன்னொரு முறை ஓடவிடுவார்கள். செத்தவர் செத்த இடத்திலேயே கண்ணைத் திறந்து, லென்ஸைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பு எந்தப் படத்திலும் வராது. படத்தொகுப்பு அறையில் வெட்டுப்பட்டுத் தரையில் விழும், மறுநாள் துடைப்பத்தோடு போய்விடும். ஆனால் சாவைப் பார்த்த அதே கேமரா சிரிப்பையும் பார்த்துவிட்டால் நடித்த சாவு ஆளை விட்டுவிடும் என்பது நம்பிக்கை. சாவுக் காட்சி எடுக்கும் இடத்துக்கு நடிகரின் மனைவி போகக் கூடாது என்பது அதோடு சேர்ந்த இன்னொரு கட்டுப்பாடு. ஆகவே தணிகாசலம் அறுபத்தோரு முறை சிரித்தார், அவற்றில் ஒன்றைக்கூடத் தில்லை பார்த்ததில்லை.

அறுபத்திரண்டாவது படத்தின் பெயர் 'கருங்குளத்து மோகினி'. பள்ளி ஆய்வாளராக வந்த அவரை மோகினி குளத்துக்குள் இழுத்துவிட, தாமரை இலைகளுக்கு நடுவே அவர் மல்லாந்து மிதந்தார். அப்போது யாரும் கேட்காமல் ஒரு சிறிய நண்டு அவர் கன்னத்தில் ஏறி, நெற்றியைக் கடந்து, மறுபக்கம் இறங்கிப் போயிற்று. அவர் இமைகூட அசையவில்லை. இயக்குநர் பூபதிராஜ் ஆனந்தத்தில் கத்திவிட்டார். அந்தக் கத்தலோடு பிலிம் தீர்ந்தது, மழை வந்தது. பூசணிக்காயும் உடைந்தது, சூடமும் நனைவதற்குள் எரிந்து முடிந்தது, சிரிப்பு ஒன்றுதான் மிச்சம்.

"சிரிப்புதானேப்பா? திங்கக்கிழமை விட்டுப்போனதை எடுக்குற பேட்ச் ஒர்க் இருக்கு, அதுல எடுத்துக்கலாம். வண்டியில ஏறு" என்றார் பூபதிராஜ்.

வீட்டுக்கு வந்தவரின் தலையைத் தில்லை துவட்டினாள். துவட்டி முடித்துத் துண்டைப் பிழிந்துவிட்டுத் திரும்பினால் முடி மறுபடியும் ஈரமாக இருந்தது. நாலாவது துண்டில் அவள் கை நின்றது.

"என்னங்க இது, தலை காயவே மாட்டேங்குது?"

"சிரிப்பு எடுக்கல தில்லை."

அவள் அவர் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். அங்கே ஒன்றும் இல்லை. வெகு ஆழத்தில், குளத்தில் இலை அசைவது போல ஒரு சலனம் மட்டும் இருந்தது. சினிமாக்காரரின் மனைவி அவள். அலறவில்லை.

"திங்கக்கிழமை எடுத்துடுவாங்கல்ல?"

"எடுத்துடுவேன்னுதான் சொன்னாரு."

அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை. எடுத்தது போதும் என்று தயாரிப்பாளர் பேட்ச் ஒர்க்கை ரத்து செய்துவிட்டார். ஒன்பதாம் நாள் பூபதிராஜ் மனம் கேட்காமல் அதே கேமராவைக் கொண்டுபோய், தணிகாசலத்தை அதே குளத்தங்கரையில் படுக்கவைத்து, ஒரு பிரபல நகைச்சுவை நடிகரையும் அழைத்துவந்து ஒரு பகல் முழுக்க முயன்றார். தணிகாசலம் வாயைத் திறந்தார், பல்லைக் காட்டினார், ஆனால் சிரிப்பு வரவில்லை. செத்தவனுக்குச் சிரிக்க என்ன இருக்கிறது என்று நகைச்சுவை நடிகரே கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். வழக்கத்தை மீறக் கூடாது என்று தில்லை அன்று வீட்டிலேயே இருந்து, கதவுப் பக்கம் பார்த்தபடி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அவர்கள் குடியிருந்த ஸ்டோரில் ஆறு வீடுகள், ஒரு பொதுக் குழாய். எல்லாமே சினிமாக் குடும்பங்கள். எதிர் வீட்டில் இருந்த அமிர்தவல்லி, படங்களில் பேய்களுக்கெல்லாம் குரல் கொடுப்பவள். பக்கத்து வீட்டு கஜேந்திரன் சண்டைக் கலைஞர், உடலில் முறியாத எலும்பு என்று அவருக்கு அதிகம் இல்லை. தில்லை இனிமேல் குங்குமம் வைக்கலாமா என்பதுதான் முதல் கேள்வியாக வந்தது. குழாயடியில் கூடிய பெண்கள் இரண்டு நாள் பேசி, வைக்கலாம், ஆனால் கல்யாண வீடுகளில் முன்வரிசையில் நிற்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். தில்லை அப்படியே நடந்துகொண்டாள். மருத்துவர் வந்து நாடி பார்த்து, ஸ்டெதாஸ்கோப்பைத் தட்டிப் பார்த்து, கடைசியில் தலைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போனார். மாநகராட்சி அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழ் கேட்டபோது, இறந்தவரே நேரில் வந்து மனு கொடுத்தால் பதிவு செய்ய விதியில்லை என்று அந்த எழுத்தர் எழுந்து நின்று மரியாதையாகவே சொன்னார். நடிகர்களின் சங்கம் கூடி, உறுப்பினர் என்றால் உறுப்பினர்தான், உயிரைப் பற்றி விதிகளில் ஒன்றும் இல்லை என்று தீர்மானம் போட்டது.

பிறகு அது பழகிப்போயிற்று. அவர் உடம்பு மண்பானை போலக் குளிர்ந்திருந்ததால் கத்திரி வெயிலில் ஸ்டோர்க் குழந்தைகள் அவர் முதுகில் சாய்ந்து வீட்டுப் பாடம் எழுதின. காய்ச்சல் கண்ட பிள்ளையை மடியில் கிடத்த இரண்டு தெரு தாண்டியும் பெண்கள் தூக்கிவந்தார்கள். தனக்கென்று பிள்ளை இல்லாத அவர், எத்தனையோ பிள்ளைகளின் சூட்டை மடியில் வாங்கித் தணித்தார். கொசு அவரைக் கடிக்கவில்லை. அமாவாசைக்கு அமிர்தவல்லி வைத்த சோற்றைக் காகம் எடுக்க வந்து, அவரைப் பார்த்து, தலையைச் சாய்த்து யோசித்துவிட்டு எடுக்காமல் போயிற்று. "எங்க மாமியாருக்கு வச்ச சோறுங்க, கொஞ்சம் உள்ள போய் உக்காருங்களேன்" என்று அவள் கேட்க, அவரும் எழுந்து உள்ளே போனார்.

படங்கள் வந்துகொண்டே இருந்தன. வயிறு ஏறி இறங்காமல், கண்ணிமை துடிக்காமல் எத்தனை நிமிடம் வேண்டுமானாலும் படுத்துக் கிடப்பவரை எந்த இயக்குநர் விடுவார்? ஆனால் வசனம் போய்விட்டது. முன்பு உயிரோடு ஒரு காட்சியாவது நடமாடியவர், பிறகு வெறும் பிணமாக மட்டுமே அழைக்கப்பட்டார். ஒவ்வொரு முறையும் கடைசியில் சிரிக்கச் சொல்வார்கள், அவர் வாயைத் திறந்து காட்டுவார், யூனிட் முழுக்க வேறு பக்கம் பார்க்கும்.

தில்லைக்கு மட்டும் பழகவில்லை. சாப்பிடும்போது அவர் எதிரில் உட்கார்ந்திருப்பார். தொடக்கத்தில் இரண்டு தட்டு வைத்தாள், பிறகு ஒன்று வைத்தாள். ஆனாலும் முதல் கவளம் வாய்க்குப் போகுமுன் அவள் நாக்கு பழக்கத்தில், "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டுவிடும். "தெரியலியே தில்லை" என்பார் அவர், ஒவ்வொரு நாளும், குற்றம் செய்தவரைப் போல. தூக்கமும் அவருக்கு இல்லை. அவள் தூங்கட்டும் என்று பக்கத்தில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். காலையில் தலையணைத் துண்டு ஊறிக் கிடக்கும், தாமரைக் கிழங்கின் வாசம் வரும். நாளுக்கு ஒரு துண்டு. கொடியில் எப்போதும் துண்டுகள் தொங்கும் வீடு என்றுதான் தபால்காரருக்கே அடையாளம் சொன்னார்கள்.

எல்லாவற்றையும்விட அவளை வாட்டியது வேறொன்று. நாற்பத்தோரு வயதில் குளத்தில் மிதந்தவர் நாற்பத்தோரு வயதிலேயே நின்றுவிட்டார். அவள் மட்டும் நடந்துகொண்டே இருந்தாள். நரைத்தாள், முழங்கால் பிடித்துக்கொண்டது, கண்ணில் புரை வந்தது. ஐம்பது வயதில் பேருந்து நடத்துநர் அவரை அவள் தம்பி என்று நினைத்தார். அறுபதில் காய்க்காரி, "பையன் கையில பையைக் கொடும்மா, நீ ஏன் தூக்குற?" என்றாள். அன்று வீட்டுக்கு வந்து தில்லை வெகுநேரம் அழுதாள். அவர் துவட்டாத ஈரத் தலையோடு எதிரில் நின்றார், அவருக்கு அழவும் வரவில்லை.

அவளுக்கு அறுபத்தாறு வயதான ஆண்டில் தமீம் வந்தான். திரைப்படக் கல்லூரியில் பாடம் எடுப்பவன், பழைய படச்சுருள்களைத் தேடிப்பிடித்துச் சரிசெய்பவன். 'கருங்குளத்து மோகினி' இப்போது கல்ட் படம் ஆகிவிட்டது என்று சொன்னான். கல்லூரிகளில் கூட்டம் கூட்டமாகப் பார்க்கிறார்கள், நண்டு நெற்றியைக் கடக்கும் இடத்தில் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள், அந்த முகத்தைப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்றான். பிறகு தணிகாசலத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினான். பனியனில் இருந்த அதே முகம் எதிரில் உட்கார்ந்து அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

"அந்தக் கேமரா எங்கிட்டதான் இருக்கு சார். ஒரே ஒரு ரோல் பிலிமும் இருக்கு. உங்க கதையைக் கேள்விப்பட்டுத்தான் வந்தேன். நீங்க சரின்னா..."

தணிகாசலம் தில்லையைப் பார்த்தார். தில்லை கொடியைப் பார்த்தாள்.

அன்று பிற்பகலே ஸ்டோர் முழுக்க அவர்கள் வீட்டில் கூடிவிட்டது. "எடுக்கணும்ங்க, இத்தனை வருஷம் பொறுத்தது போதும்" என்றார் கஜேந்திரன். ஆனால் அமிர்தவல்லி, தில்லையைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், எண்ணற்ற பேய்களைப் பேசவைத்துத் தேய்ந்துபோன குரலில் சொன்னாள்: "அக்கா, நான் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. உயிர் வந்தா வயசும் கூடவே வரும். முப்பத்திரண்டு வருஷமும் ஒண்ணா வந்து வாசல்ல நிக்கும். மாமா தாங்குவாரா? இப்ப ஈரமா இருந்தாலும் இருக்காரு. அப்புறம்?"

தில்லைக்கும் அது தெரியும். சிரித்தால் அவர் சாகக்கூடியவராகிவிடுவார். சிரிக்காவிட்டால் ஒருநாள் இவள் போய்விடுவாள், அவர் யாரும் துவட்டிவிடாத தலையோடு, நாற்பத்தோரு வயதிலேயே, இருந்துகொண்டே இருப்பார்.

எல்லோரும் போன பிறகு கேட்டாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குப் பசிக்கணும் தில்லை" என்றார் அவர். "வேற ஒண்ணும் வேணாம். ஒரு தடவை பசிக்கணும்."

குளம் வற்றிப்போயிருந்தது, பங்களா இருந்த இடத்தில் தென்னந்தோப்பு இருந்தது. தமீம் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் நிரப்பி, எங்கிருந்தோ தாமரை இலைகள் கொண்டுவந்து போட்டிருந்தான். காலை பத்து மணி வெயில். சாவுக் காட்சிக்குப் பெண்டாட்டி வரக் கூடாது என்று கஜேந்திரன் வண்டி கிளம்பும்போது நினைவூட்டினார். "முப்பத்திரண்டு வருஷமா நான் பெண்டாட்டியா இல்லையான்னு உங்க யாருக்கும் தெரியல. இன்னிக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று தில்லை முன்இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மடியில் ஒரு தூக்குவாளி.

தணிகாசலம் மிதந்தார். தமீம் கேமராவை ஓடவிட்டு, "சார், சிரிங்க" என்றான். அவர் கண்ணைத் திறந்தார், வாயைத் திறந்தார், பல்லைக் காட்டினார். ஒன்றும் வரவில்லை. பிலிம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நூறு அடி போயிற்று. கஜேந்திரன் தன் உடைந்த எலும்புகளின் கதைகளைச் சொன்னார், அமிர்தவல்லி மோகினி போலச் சிரித்துக் காட்டினாள். இருநூறு அடி போயிற்று. "இன்னும் கொஞ்சம்தான் இருக்கு" என்றான் தமீம்.

தில்லை கேமராவுக்கு வலப்புறம், ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் யோசிக்கவில்லை. முழங்கால் வலித்தது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தூக்குவாளியில் சோறு ஆறிக்கொண்டிருந்தது, தண்ணீரில் கிடக்கும் மனிதரைப் பார்த்து, முப்பத்திரண்டு ஆண்டுகள் உள்ளே சேர்ந்திருந்த சலிப்பெல்லாம் குரலில் ஏற, "செத்தாச்சுல்ல? எழுந்து வாங்க, போகலாம்!" என்றாள்.

தணிகாசலத்தின் உதடு முதலில் அசைந்தது. பிறகு கன்னம். பிறகு வயிறு குலுங்கியது, தார்ப்பாய்த் தண்ணீர் அலையடித்தது, தாமரை இலைகள் விலகி ஓடின, அவர் வாய்விட்டு, மூச்சுத் திணற, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தில்லை அப்போதுதான் பார்த்தாள்: அவருக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை. கல்யாணமாகி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அது அவளுக்குத் தெரியாது.

பிலிம் தீர்ந்தது.

கரையேறி வந்து உட்கார்ந்தவரின் மூச்சு வாங்கியது. "பசிக்குது தில்லை" என்றார். அவள் தூக்குவாளியைத் திறந்து புளிச்சோற்றை உருட்டிக் கையில் வைத்தாள். முதல் கவளத்தை மென்று விழுங்கிவிட்டு, அவள் கேட்காமலேயே அவர் சொன்னார்: "உப்பு கொஞ்சம் கம்மி."

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

வீடு வந்து சேர்வதற்குள் அவர் தலை காய்ந்துவிட்டது; காயக் காய வெளுத்தது. முதுகு வளைந்தது, கையில் நரம்பு எழும்பியது, எழுபத்து மூன்று வயது அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. பதினேழு நாட்கள் அவர் உயிரோடு இருந்தார். கொசு கடிக்கிறது என்று குறைபட்டார், குறைபடுவதிலேயே ஆனந்தப்பட்டார். முழங்கால் வலிக்கு இருவரும் ஒரே தைலத்தை மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டார்கள். குறட்டை விட்டுத் தூங்கினார். காய்க்காரி வந்து, "ஐயா ஊர்லேருந்து எப்ப வந்தாரு?" என்று கேட்டாள். "இப்பதான்" என்றாள் தில்லை. தினமும் காலையில் அவர் எழுந்ததும் தலையணைத் துண்டைத் தொட்டுப் பார்ப்பாள். காய்ந்திருக்கும். ஆனாலும் விரிப்பதை நிறுத்தவில்லை.

பதினெட்டாம் நாள் மதியம் மோர்ச்சோறு சாப்பிட்டு, சுவரில் சாய்ந்து செய்தித்தாளைப் பிரித்தவர் அப்படியே இருந்துவிட்டார். செய்தி பரவி ஸ்டோர் கூடியது. சினிமாக்காரர்கள் ஆகையால் யாரும் உடனே அழவில்லை, காத்திருந்தார்கள். தில்லை குனிந்து அவர் காதருகே போய், "செத்தாச்சுல்ல? எழுந்து வாங்க" என்றாள். ஒரு சுருள் ஓடி முடியும் நேரம் பார்த்தாள். பிறகு அவர் வாயைத் தன் கையாலேயே மூடிவிட்டு, துண்டை எடுத்துத் தாடையைக் கட்டினாள்.

மூன்று மாதம் கழித்து, சரிசெய்த படத்தைத் தமீம் ஒரு பகல் காட்சியாகத் திரையிட்டான். தில்லை அமிர்தவல்லியோடு நடுவரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஓர் இருக்கையை யாரும் சொல்லாமலேயே காலியாக விட்டிருந்தார்கள். நண்டு நெற்றியைக் கடந்தபோது அரங்கம் எழுந்து கைதட்டியது. நாலு பேர் உடலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இடைவேளை விளக்கு எரிந்ததும் அவள் கால்கள் தாமாக எழுந்துவிட்டன. அமிர்தவல்லி புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்க, மறுபடியும் உட்கார்ந்தாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டாம் பாதியைப் பார்த்தாள். மோகினியை எரித்தார்கள், கதாநாயகன் கல்யாணம் செய்துகொண்டான், பள்ளி ஆய்வாளரை யாரும் ஒரு முறைகூட நினைக்கவில்லை. படம் முதலில் வெளியான வாரத்தில், ஈரத் தலையோடு கேட்டுக்கொண்டு நின்றவரிடம் பேருந்து நிறுத்தத்தில் அவள் சொன்ன முடிவு இதைவிட நன்றாக இருந்தது. அதில் ஆய்வாளர் குளத்திலிருந்து எழுந்து, சட்டையைப் பிழிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வணக்கம் என்ற எழுத்து வந்து மறைந்தது. அதற்குப் பின்னால் தமீம் அதை ஒட்டியிருந்தான். பதினோரு வினாடிகள். தாமரை இலைகளுக்கு நடுவே தணிகாசலம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், அரங்கமே அவரோடு சேர்ந்து சிரித்தது. அவர் பார்வை மட்டும் யாரையும் பார்க்கவில்லை. லென்ஸைத் தாண்டி, அன்று அவள் தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்ற பக்கமாக, அரங்கத்தின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரியும் வெளிவாசலை நோக்கிப் போயிற்று.

தில்லை எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இருக்கைகளுக்கு நடுவே ஒவ்வொருவர் காலாகத் தாண்டி, அந்த வாசலடியில் போய் நின்றுகொண்டாள். இன்னும் மூன்று வினாடி மிச்சம் இருந்தது.